பிடித்து வருவதும் அழைத்து வருவதும்

சென்னையில் மனநோயாளிகளுக்கென்று முதல் விடுதி 1794இல் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வாலண்டைன் கொனொலி நடத்திய அந்த வீடு பல கை மாறி, 1871இல் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய அரசு மனநலக் காப்பகம் அதன் வாரிசுதான். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சொல்லிச் சிரிக்க நமக்கெல்லாம் தெரியும். ஆனால், கேட்பாரற்றுத் தெருவில் கிடந்தவர்கள் அந்த வாசல்வரை எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது அதிகம் பேசப்படாத கதை.

போலீஸ்தான் கொண்டுவந்தது. 1858ஆம் ஆண்டுப் பைத்தியக் காப்பகச் சட்டம் அந்த வேலையைத் தரோகா என்ற போலீஸ் அதிகாரியின் தலையில் கட்டியது. தன் எல்லைக்குள் புத்தி சுவாதீனம் இல்லாமல் திரிபவர்களைப் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் காப்பகம். பிழைக்க வழி தெரியாதவரும் பிறருக்கு ஆபத்தானவரும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். 1912இல் வந்த சட்டமும் இதே தடத்தில் போய், எண்பது ஆண்டுக்கு மேல் நீடித்தது. நாடு விடுதலை அடைந்தது, அரசியல் சாசனம் வந்தது. 'திரியும் பைத்தியம்' மட்டும் போலீஸ் சமாச்சாரமாகவே இருந்தது.

இதன் விளைவு காப்பகங்களைவிடச் சிறைகளில்தான் அப்பட்டமாகத் தெரிந்தது. எந்தக் குற்றமும் செய்யாதவர்கள், மனநோய் என்ற ஒரே காரணத்துக்காக மேற்கு வங்கச் சிறைகளில் அடைபட்டுக் கிடந்தார்கள். பத்திரிகையாளர் ஷீலா பர்ஸே தொடர்ந்த வழக்கில், அது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. 1987இல் நிறைவேறிய மனநலச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டு ஏப்ரலில்தான். பழைய வசைச்சொல் நீங்கியது. போலீஸ், மாஜிஸ்திரேட், உத்தரவு என்ற வரிசை மட்டும் அப்படியே நின்றது.

அந்த 1993இல்தான் சென்னையில் வேறொரு வழி திறந்தது. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரு தோழியர், கல்லூரி ஒன்றின் அருகே அரைகுறை ஆடையோடு நிலைகுலைந்து நின்ற பெண்ணைப் பார்த்தார்கள். அவரைச் சேர்க்க நகரத்தில் இடம் தேடி அலைந்ததில் பிறந்ததுதான் 'தி பான்யன்'. வாடகை வீட்டில் தொடங்கிய 'அடைக்கலம்' பின்னர் அரசு கொடுத்த நிலத்தில், முகப்பேரில் எழுந்தது. பெண்களுக்கென்று தொடங்கியதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. இரவில் பிளாட்பாரத்தில் மனநலம் குன்றிய ஒரு பெண்ணுக்கு என்ன நேரும் என்பது ஊரறிந்த ரகசியம்.

இப்படி அழைத்து வரும் வேலையின் நுணுக்கம் தெருவில்தான் இருக்கிறது. லத்தியோடு போய் ஜீப்பில் ஏற்றினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்; மிரண்டவர் மிரண்டவராகவே வருவார். களப்பணியாளர் முதலில் பக்கத்து டீக்கடைக்காரரிடம்தான் பேச்சுக் கொடுப்பார். எத்தனை நாளாக இங்கே இருக்கிறார், யார் கையால் சாப்பிடுகிறார் என்பதெல்லாம் அவருக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்கும்தான் தெரியும். பிறகு ஒரு டீ, ஒரு பன். சற்றுத் தள்ளி உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். மறுநாளும் வர வேண்டியிருக்கும். பக்கத்தில் இருக்கும் கந்தல் மூட்டையைக் குப்பை என்று தூக்கிப் போட்டால் காரியம் கெட்டது. அவரிடம் மிஞ்சியிருக்கும் சொத்து அதுதான். வந்த பிறகு குளியல், சிக்குப் பிடித்த முடி, புழு வைத்த புண், இரத்தசோகை என்று உடம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கும். மனதுக்கான மருந்து அதோடு சேர்ந்தே நடக்கும்.

வாரக்கணக்கில் சிகிச்சை நடந்தபின் ஏதோ ஒருநாள் ஊர்ப்பெயர் வாயில் வரும். பலருக்கு அது தமிழ்நாடே அல்ல. ரயிலேறி, இறங்கிய இடம் சென்னை. ஓர் ஆற்றின் பெயர், ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர் என்று பிடித்துக்கொண்டு உள்ளூர்க் காவல் நிலையத்துக்குப் போன் போட வேண்டும். மும்பையில் 1988இல் 'ஷ்ரத்தா' அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் பரத் வாட்வானியும் வீடு சேர்ப்பதையே தன் பணியின் மையமாக்கினார். 2018இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

வீடு இருந்தவர்களும் தப்பவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் விடுதி ஒன்று எரிந்தது. கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டது போலீஸ் அல்ல, உறவினர்கள். குடும்பத்துக்குப் பக்கத்தில் சிகிச்சை இல்லாவிட்டால் வீடும் ஒருநாள் கைவிடும் என்பதை அந்தத் தீ காட்டியது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது.

வீடு திரும்ப வழியில்லாதவர்களை என்ன செய்வது? கணவர் மறுமணம் செய்திருப்பார். ஊரார் செத்துவிட்டதாக நினைத்திருப்பார்கள். இவர்களுக்காக பான்யன் 2015இல் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தைத் தொடங்கியது: சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீடு, நாலைந்து பேர், உதவிக்கு ஒருவர். உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதை நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாகச் சேர்த்தது. தெருவில் கிடப்பவர்களுக்கான அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களைத் தமிழக அரசும் புதுக்கோட்டை உள்ளிட்ட மாவட்டங்களில் திறந்தது.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு, தரோகா காலத்து வேலையை ஒருவழியாகத் திருப்பிப்போட்டது. தெருவில் திரியும் மனநோயாளியை எக்காரணம் கொண்டும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வீடற்றவர் என்றால் காணாமல்போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். உங்கள் தெருமுனையில் ஒருவர் இப்படி இருந்தால் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். 'எங்களுக்கென்ன சார்' என்று பதில் வந்தால், இந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.