சீகன்பால்கின் மனவுறுதி: தாங்கியவையும் தாக்கியவையும்

முன்னுரை

திருச்சபை வரலாற்றைப் போதிக்கும்போது நாம் அடிக்கடி ஒரு தவறு செய்கிறோம். முன்னோடி ஊழியர்களை எந்தத் துன்பத்திலும் கலங்காத இரும்பு மனிதராகச் சித்திரித்து, அவர்களைப்போல உறுதியாய் இருங்கள் என்று மாணவருக்குப் புத்திமதி கூறுகிறோம். இதைக் கேட்டு வளர்ந்த இளம் ஆயர் ஒருவர், முதல் சபையிலேயே எதிர்ப்பையும் தனிமையையும் சந்தித்து உள்ளம் சோரும்போது, தமக்கு அழைப்பே இல்லையோ என்று ஐயுறுகிறார். அவருடைய ஐயத்திற்கு நாம் போதித்த வரலாறும் ஒரு காரணம்.

தரங்கம்பாடியில் ஊழியம் செய்த பர்த்தலோமேயு சீகன்பால்கின் வாழ்வு இப்பொருளை ஆராய்வதற்கு மிகவும் ஏற்றது. அவர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் சற்றுக் கூடுதலான காலமே தமிழ்நாட்டு ஊழியத்தில் இருந்தார். முப்பத்தாறாம் வயதில் மரித்தார். அக்குறுகிய காலத்தில் அவருக்கு நேர்ந்த இடர்கள் பல. அவற்றைத் தாங்க அவருக்கு உதவியவை எவை, இறுதியில் அவரை வீழ்த்தியவை எவை என்னும் இரு கேள்விகளையும் ஒருங்கே கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம். முதற்கேள்வியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இரண்டாவதைக் கேட்கத் தயங்குகிறோம்.

1. பலவீனமான தொடக்கம்

சீகன்பால்க் 1682-ஆம் ஆண்டு சாக்சனி நாட்டிலுள்ள புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறுவயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். மரணப்படுக்கையில் இருந்த தாய், தம் பிள்ளைகளுக்கு வேதாகமத்தையே தாம் விட்டுச்செல்லும் செல்வமாகச் சுட்டிக்காட்டினார் என்பது அவர் வாழ்வைக் கூறுவோர் எல்லாரும் நினைவுகூரும் செய்தி. மாணவப் பருவத்தில் அவர் உடல்நலம் குன்றியவராய், உள்ளப் போராட்டங்களுக்கு ஆளானவராய் இருந்தார். பக்திநெறி இயக்கத்தின் நடுநிலையமாக விளங்கிய ஹால்லே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோதும் நோயினால் படிப்பைத் தொடர இயலவில்லை. வயிற்று நோய் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

இயல்பாகவே அவர் விரைந்து கொதிக்கும் உள்ளமும் எளிதில் வாடும் உள்ளமும் உடையவர். அவருடைய கடிதங்களைப் படிப்போர் இதனைக் காணத் தவறமாட்டார்கள். ஆகவே, பிறவியிலேயே அசையாத உறுதி பெற்ற ஒருவரைப் பற்றி நாம் பேசவில்லை என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். இந்த இளைஞரைத்தான் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் தம் ஆட்சிக்குட்பட்ட தரங்கம்பாடிக்கு அனுப்பினார். 1705 நவம்பரில் கப்பலேறிய சீகன்பால்கும் அவருடைய உடன் ஊழியர் ஹென்ரிக் புளுட்சௌவும் 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர்.

2. மணலில் எழுதிய நாட்கள்

அரசர் அனுப்பிய ஊழியரை அரசரின் ஆளுநரே விரும்பவில்லை. வாணிகக் கழகத்தின் நலன்களுக்கு இவர்கள் இடையூறு ஆவார்கள் என்று ஆளுநர் ஹாசியுஸ் எண்ணினார். ஐரோப்பியக் குடியிருப்பில் வரவேற்புக் குறைவாயிருந்தபோது, சீகன்பால்க் தமிழ் மக்களிடையே தமக்கு ஓர் இடத்தைத் தேடிக்கொண்டார். வயது முதிர்ந்த உபாத்தியாயர் ஒருவரின் திண்ணைப் பள்ளியில் சிறுவரோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுதி அகரம் பயின்றார். அழகப்பன் என்னும் மொழிபெயர்ப்பாளர் அவருக்குப் பேச்சுமொழியில் துணை நின்றார்.

ஐரோப்பாவிலிருந்த நண்பர்களுக்கு எழுதிய கடிதமொன்றில் அவர் தம் அன்றாட ஒழுங்கை விவரித்துள்ளார். காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை முன்பு கற்ற சொற்களை மீண்டும் படித்தல். எட்டு முதல் பன்னிரண்டு வரை முதிய தமிழ்ப் புலவர் ஒருவரோடு புதிய நூல்களைப் படித்தல். உச்சிவெயிலில் சிறிது ஓய்வு. பிற்பகலில் போதனையும் மீண்டும் படிப்பும். மாலையில் கூடி ஜெபித்தல். இரவில் விளக்கொளியில் படிக்கக் கண்கள் இடங்கொடாமையால், ஒருவர் படிக்கத் தாம் கேட்டல். அந்த ஒழுங்கில் உடன் ஊழியரோடு அன்றைய நாளின் நிகழ்ச்சிகளைக் கலந்து பேசுவதற்கென்றும் ஒரு நேரம் குறிக்கப்பட்டிருந்தது.

இந்த அட்டவணையை வெறும் கல்வித் திட்டமாக மட்டும் கொள்வதற்கில்லை. எதிர்ப்பின் நடுவே, தம் கையில் இல்லாதவற்றை எண்ணி உழலாமல், தம் கையில் இருந்த அன்றைய நாளை அவர் ஆண்டு வந்தார் என்பதற்கு இது சான்று. 1708-ஆம் ஆண்டு அவர் 119 தமிழ் நூல்களின் விவரங்களைத் தொகுத்து ஒரு பட்டியல் வரைந்தார். தமிழ் கற்கத் தொடங்கி இரண்டே ஆண்டுகளில் நிகழ்ந்தது இது. உறுதி என்பது பெருங்கணத்தில் திடீரெனத் தோன்றுவது என்று நாம் நினைக்கிறோம். சீகன்பால்கிடம் அது நாள்தோறும் சிறுகச் சிறுகச் சேர்ந்தது.

3. டான்ஸ்போர்க் சிறை

இவ்வாறு சேர்ந்த உறுதிக்கு 1708-ஆம் ஆண்டின் இறுதியில் சோதனை வந்தது. தமிழ் நாவிதர் ஒருவரின் விதவை, தன் கணவனுக்கும் வாணிகக் கழகத்தின் பணியாளன் ஒருவனுக்கும் இடையே இருந்த கடன் பற்றிய வழக்கில் நீதி கேட்டு நின்றாள். சீகன்பால்க் அவளுக்காக மீண்டும் மீண்டும் பரிந்து பேசினார். தம் அதிகாரத்தில் தலையிடுவதாக ஹாசியுஸ் சினந்து, அவரை விசாரணைக்கு அழைத்தார். எழுத்து மூலமான அழைப்பு வேண்டுமென்று சீகன்பால்க் கேட்டபோது, வீரர்களை அனுப்பி அவரைக் கைது செய்வித்து டான்ஸ்போர்க் கோட்டையில் அடைத்தார். நான்கு மாதங்கள் அவர் அங்கே இருந்தார்.

சில வாரங்களுக்கு முன்புதான், 1708 அக்டோபரில், அவர் புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பைத் தொடங்கியிருந்தார். அப்பணி நின்றது. தொடக்கத்தில் எழுதுகோலும் மையும்கூட மறுக்கப்பட்டன. பின்னர் அவை கிடைத்தபோது அவர் எழுதிய நூல்கள் இரண்டு. ஒன்று தேவனுக்குப் பிரியமான கிறிஸ்தவ வாழ்வு பற்றியது. மற்றது தேவனுக்குப் பிரியமான போதக ஊழியம் பற்றியது. ஊழியம் செய்ய இயலாதபடி அடைக்கப்பட்டவர் ஊழியம் என்றால் என்னவென்று சிந்தித்து எழுதினார் என்பது நாம் நின்று நோக்கவேண்டிய செய்தியாகும். தமக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பற்றி மட்டுமே எழுதுவதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. அவரோ தம் அழைப்பின் பொருளை மறுபடியும் கேட்டார்.

நோக்கம் என்னும் சொல்லின் ஆழம் இங்கே புலப்படுகிறது. செயலற்ற நிலையிலும் செயலின் பொருளைக் கைவிடாதிருப்பதே நோக்கமுள்ள வாழ்வு. 1709 மார்ச்சில் விடுதலையான அவர் மொழிபெயர்ப்பை மீண்டும் கையிலெடுத்து, 1711 மார்ச்சில் அதனை முடித்தார்.

அவர் சிறையில் சோராதிருந்தார் என்று இதனால் பொருளாகாது. விதவைக்காகப் பரிந்து பேசியது நியாயமே. ஆயினும் ஆளுநரோடு அவர் நடந்துகொண்ட முறையில் அவருடைய முன்கோபத்திற்கும் பங்கு உண்டு என்று கருதுவோர் உளர். குற்றமற்ற வீரரைத் தேடுவோருக்கு இது இடறலாகலாம். குறைவுள்ளவரையும் தேவன் தாங்கிப் பயன்படுத்துகிறார் என்பதை அறிந்தோருக்கு இது ஆறுதலாகும்.

4. இழப்புகளும் தோழமையும்

இடர்கள் சிறையோடு முடியவில்லை. 1708-ஆம் ஆண்டு ஐரோப்பாவிலிருந்து அனுப்பப்பட்ட பணம் தரங்கம்பாடிக் கரையருகே படகு கவிழ்ந்து கடலில் மூழ்கியது. இலண்டனிலுள்ள கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கம் அச்சு இயந்திரம் ஒன்றை அனுப்பியபோது, அதனைச் சுமந்த கப்பல் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கியது. கப்பல் மீட்கப்பட்டது; ஆனால் இயந்திரத்தை இயக்க வந்த அச்சுத் தொழிலாளி வழியிலேயே மரித்தார். இயந்திரம் மட்டும் 1712-இல் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகள் ஹால்லேயில் வார்க்கப்பட்டு 1713-இல் வந்தன. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி வெளிவந்தது.

அதே 1713-இல் அவர் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி விரிவாக எழுதிய நூலை ஹால்லேக்கு அனுப்பினார். அவருடைய ஆசானாகிய பிராங்கே அதனை வெளியிட விரும்பவில்லை. புறச்சமயங்களை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அவற்றை ஐரோப்பாவில் பரப்புவது தகாது என்பது ஹால்லேயின் எண்ணம். அந்நூல் 1867-ஆம் ஆண்டு சென்னையில்தான் முதன்முதலாக அச்சேறியது. தாம் மதித்தவர்களே தம் உழைப்பின் மதிப்பை உணராமற்போகும் துன்பத்தை அவர் அறிந்திருந்தார்.

இவற்றையெல்லாம் அவர் தனியே சுமக்கவில்லை என்பதே இங்கு முதன்மையாகக் கவனிக்கத்தக்கது. 1709-இல் வந்த கிரண்ட்லர் அவருக்கு உற்ற தோழரானார். சீகன்பால்க் 1714-இல் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது, புதிய ஏற்பாட்டின் அச்சுப்பணியை நடத்தி முடித்தவர் கிரண்ட்லரே. தமிழ்ப் புலவர்களும், எழுத்தர்களும், பள்ளிப் பிள்ளைகளும், சிறிய சபையாரும் அவரைச் சூழ்ந்திருந்தனர். தனி மனிதரின் மனவுறுதி என்று நாம் போற்றுவதில் பெரும்பகுதி பலருடைய தோள்களின் வலிமையாகும்.

5. உள்ளிருந்து வந்த தாக்குதல்

1716-இல் தம் மனைவி மரியா தொரொத்தேயாவுடன் அவர் தரங்கம்பாடிக்குத் திரும்பினார். 1717-இல் புதிய எருசலேம் ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1718 அக்டோபர் 11-ஆம் நாள் அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. பணி வளர்ந்துகொண்டிருந்த அந்நாட்களில்தான் அவருக்கு மிகக் கொடிய தாக்குதல் வந்தது. அது கோட்டையிலிருந்து வரவில்லை. அவரை அனுப்பிய கோப்பன்ஹேகன் அருட்பணிக் குழுவிடமிருந்து வந்தது.

அக்குழுவின் செயலரான வென்ட், அருட்பணி என்பது அப்போஸ்தலரைப்போலப் பையும் பணமுமின்றி ஊர் ஊராய்ச் சென்று பிரசங்கிப்பதே என்று நம்பினார். ஆலயம், பள்ளி, அச்சுக்கூடம், ஊழியரின் திருமணம் ஆகிய எல்லாம் அவருக்கு உலகப் பற்றாகத் தோன்றின. வென்ட் தீய மனிதரல்லர், ஆழ்ந்த பக்தியுள்ளவர். ஆயினும் அவர் தரங்கம்பாடியைக் கண்டதில்லை. தமிழ் மக்களிடையே வாழ்ந்ததில்லை. கொள்கையின் தூய்மையில் அவருக்கிருந்த உறுதி, மறுமுனையில் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் மனிதரை அவர் கண்ணுக்கு மறைத்துவிட்டது. கண்டிப்பான கடிதங்கள் வந்தன. பண உதவியும் இறுகியது.

ஆளுநரின் சிறையைத் தாங்கிய மனிதர் இதனால் மிகவும் நொந்தார். முன்னரே நலிந்திருந்த உடல் மேலும் தளர்ந்தது. 1719 பிப்ரவரி 23-ஆம் நாள் அவர் மரித்தார்; தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு மார்ச்சில் கிரண்ட்லரும் மரித்தார். கடிதங்களே அவரைக் கொன்றன என்று கூறுவது மிகையாகும். நாட்பட்ட நோய் அவருக்கு இருந்தது. ஆயினும் அவருடைய இறுதி மாதங்களை அக்கடிதங்கள் கசப்பாக்கின என்பதை மறுக்க இயலாது.

சிறையைத் தாங்கியவர் கடிதத்தைத் தாங்க இயலாமற்போனது ஏன்? எதிரி தாக்கும்போது, நம்மை அனுப்பியவர்கள் நம் பின்னால் நிற்கிறார்கள் என்னும் நம்பிக்கை நம்மைத் தாங்குகிறது. அனுப்பியவர்களே தாக்கும்போது அந்த ஊன்றுகோல் கையிலேயே முறிகிறது. உறுதி குறைந்ததால் அவர் வீழ்ந்தார் என்று கூறுவது அவருக்கு இழைக்கும் அநீதியாகும்.

6. நமக்குரிய பாடம்

சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, சாவை வேண்டிக்கொண்ட எலியாவைத் தேவன் நடத்திய விதத்தை நாம் நினைவுகூரலாம். அவனுடைய சோர்வை அவர் கண்டிக்கவில்லை. முதலில் உறக்கத்தையும், அப்பத்தையும் தண்ணீரையும் கொடுத்தார். நெடும் பயணத்திற்குப் பின்னரே புதிய பணியைக் கட்டளையிட்டார். அந்தப் பணியோடு எலிசா என்னும் துணையையும் கொடுத்தார். உணவு, ஓய்வு, பணி, தோழமை என்னும் இவை நான்கையும் சீகன்பால்கின் நாளொழுங்கிலும் நாம் காண்கிறோம். சோர்ந்த ஊழியனை எழுப்பும் வழி அன்றும் இன்றும் இதுவே.

ஆகவே இறையியல் மாணவர் தம் நாளுக்கு ஓர் ஒழுங்கையும், தம் சுமையைத் திறந்து பேச ஒரு தோழரையும் கல்விக் காலத்திலேயே தேடிக்கொள்ளல் நலம். பின்னர் தனியான சேகரத்தில் அமர்ந்து தேடுவது கடினம். சோர்வு வரும்போது அதனை அவிசுவாசமென எண்ணி மறைக்க வேண்டியதில்லை.

இதனினும் பெரிய பொறுப்பு தலைமைப் பதவியில் இருப்போருக்கு உண்டு. உறுதியாயிருங்கள் என்று ஊழியருக்குப் போதிப்பது எளிது. அவர்களுடைய உறுதியை உடைக்கும் கடிதத்தை எழுதாதிருப்பது கடினம். தொலைவிலிருந்து ஒருவரைக் கண்டிக்குமுன் அவருடைய இடத்தைச் சென்று காண்பதும், அவர் சொல்லைக் கேட்பதும் தலைமையின் முதற்கடமைகள். நல்ல கொள்கையுள்ளவர் கையிலும் எழுதுகோல் காயப்படுத்தும் என்பதற்கு வென்ட் ஓர் எச்சரிக்கை.

முடிவுரை

சீகன்பால்கின் மரணத்தோடு கதை முடியவில்லை. அவர் மனம் நொந்திருந்த அதே 1718-ஆம் ஆண்டில் கடலூரைச் சேர்ந்த ஆறுமுகம் என்னும் இளைஞர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் என்னும் பெயர் பெற்றார். 1733-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் அவர் குருவாக அபிஷேகம் பெற்றார். சீர்திருத்தத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர் அவரே. அப்பட்டத்தைக் காண சீகன்பால்க் உயிரோடில்லை. தம் உழைப்பு வீணாயிற்றோ என்று எண்ணத்தக்க காரணங்கள் பல இருந்த ஓர் ஆண்டில், தம்மிடம் வந்த ஓர் இளைஞருக்கு அவர் தம் கடமையைச் செய்தார். விளைவைக் காணாமலே அன்றைய பணியை அன்று செய்து முடித்த அந்த உண்மையை அவர் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார். அத்தகைய ஊழியர் தனித்து நிற்காதபடி பார்த்துக்கொள்வது நம் கடமையாகும்.