வீட்டுப் பட்டறையில் ஓடிய நீர்

கம்ப்யூட்டர் யந்திரங்களின் உஷ்ணத்தை நீரினால் தணிக்கும் வித்தை, அதனை ஆதியில் வளர்த்த பெரிய ஸ்தாபனங்களின் கூடங்களை விட்டு விலகிய 1990-களிலேயே, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சாமானிய இளைஞர்களின் வீட்டுப் பட்டறைகளில் புதிதாகத் தலையெடுத்தது. ஐ.பி.எம். ஸ்தாபனம் 1980-இல் அறிவித்த 3081 என்னும் யந்திரத்தில், நூற்றுக்கு மேற்பட்ட சிப்புகளை ஒரே பீங்கான் தகட்டின்மேல் பதித்து, ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் ஸ்பிரிங்கினால் அழுத்தப்பட்ட சிறு உலோகத் தண்டொன்றை நிறுத்தி, எஞ்சிய வெளியை ஹீலியம் வாயுவினால் நிரப்பி, மேலே அமைந்த தகட்டினுள் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். 1985-இல் வெளிவந்த கிரே-2 யந்திரமோ, மின்சாரத்தைக் கடத்தாத ஃப்ளோரினெர்ட் என்னும் திரவத்திலேயே அமிழ்ந்து இயங்கிற்று. குறைந்த மின்சாரத்தில் வேலை செய்யும் ஸிமாஸ் வகைச் சிப்புகள் பெரிய யந்திரங்களுக்குள் புகுந்தபோது, அத்தனை பிரயாசையும் அநாவசியமாகி, குழாய்கள் அகற்றப்பட்டன.

அதே ஸிமாஸ் சிப்புகள்தாம் மேஜைக் கம்ப்யூட்டர்களில் வேகம் ஏற ஏறக் கொதிக்கத் தொடங்கின. ஒரு சிப்பு விழுங்கும் மின்சக்தி, அதன் கடிகார வேகத்துக்கு நேர் விகிதத்தில் உயர்வதோடு, அதற்கு ஊட்டும் வோல்டேஜின் வர்க்கத்துக்கும் ஏற்ப உயரும் என்பது நியதி. ஆகவே வேகத்தை நாடி வோல்டேஜைச் சற்றே கூட்டினாலும் உஷ்ணம் அதைவிட அதிக அளவில் கூடிவிடும். இன்டெல் 1998-இல் விற்பனைக்கு விட்ட செலரான் 300ஏ என்னும் மலிவான ப்ராஸஸர், மதர்போர்டின் பஸ் வேகத்தை 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றிய மாத்திரத்தில் 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 450-க்குத் தாவி, பன்மடங்கு விலையுள்ள சிப்புகளோடு போட்டியிட்டது. சிப்பை அதற்கு நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டும், ஓவர்கிளாக்கிங் என்று அந்த இளைஞர்கள் அழைத்த இந்தப் பழக்கம் பரவலான அபிமானத்தைப் பெற்றதற்கு அந்தச் சிறு சிப்பே முக்கிய காரணம் என்று சொல்லலாம். அடுத்து 2000-இல் ஏ.எம்.டி. வெளியிட்ட தண்டர்பேர்ட் அத்லானில், மேற்பரப்பிலுள்ள நுண்ணிய தொடர்புப் புள்ளிகளைச் சாதாரண பென்சிலின் கரியினால் இணைத்தாலே, கம்பெனி இட்டிருந்த வேகப் பூட்டு திறந்துகொண்டது. மறு வருஷம் வந்த 1.4 கிகாஹெர்ட்ஸ் சிப்போ, சுமார் 120 சதுர மில்லிமீட்டர் பரப்பிலிருந்து 72 வாட் வரை உஷ்ணத்தை வெளியேற்ற வேண்டியிருந்தது.

காற்றினால் இதைச் சமாளிக்க முடியாமற் போகவில்லை. ஆனால் 60 மில்லிமீட்டர் அகலமே உள்ள மின்விசிறிகள் நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்றுச் சுழன்று எழுப்பிய கூச்சலில் ஒரு மனிதன் அமர்ந்து வேலை செய்வது துர்லபமாயிற்று. வேகத்தை நாடியவர்களோடு மௌனத்தை நாடியவர்களும் நீரின் பக்கம் திரும்பியதற்கு இதுவே ஹேது. ஒரே கன அளவுள்ள காற்றைக் காட்டிலும் நீர் மூவாயிரம் மடங்குக்கு மேல் உஷ்ணத்தைச் சுமக்கவல்லது. நிமிஷத்துக்கு ஒரே ஒரு லிட்டர் நீர் சிப்பின்மேல் ஓடினால், 70 வாட் உஷ்ணத்தை ஏற்றுக்கொண்டும் அந்நீரின் வெப்பம் ஏறத்தாழ ஒரு டிகிரிதான் உயரும்.

விற்பனைக்கென்று ஏறக்குறைய எந்தச் சாதனமும் இல்லாத அக்காலத்தில் அவர்கள் பாகங்களைத் தேடிய இடங்களைப் பார்த்தால் மனித புத்தியின்மேல் மதிப்பு பெருகுகிறது. குளிர் தேசங்களில் பிரயாணிகளின் கால்களுக்கு வெதுவெதுப்பூட்டுவதற்காகக் காருக்குள்ளே வைத்திருக்கும் சிறிய ஹீட்டர் ரேடியேட்டரை, குறிப்பாக செவ்ரோலே ஷெவெட், பான்டியாக் பான்வில் முதலிய பழைய அமெரிக்கக் கார்களுக்குரியதை, உடைத்து விற்கும் கொட்டகைகளிலிருந்து சொற்ப விலைக்கு வாங்கிவந்து, வினிகரினால் அலசி, குழாய் முனைகளை வெட்டிப் புதியவற்றைப் பற்றவைத்துக்கொண்டார்கள். செம்பும் பித்தளையும் கலந்து செய்த அந்தச் சிறு பெட்டி ஓர் எஞ்சினின் உஷ்ணத்தில் ஒரு பங்கைக் கையாளும்படி அமைந்ததாகையால், ப்ராஸஸரின் உஷ்ணம் அதற்கு ஒரு பொருட்டே அன்று. விசிறியை ரேடியேட்டரோடு ஒட்டி வைத்தால் அதன் நடுப்பகுதிக்கு நேரே காற்று செல்லாமல் தேங்குவதைக் கண்டு, இடையே சில அங்குல ஆழமுள்ள கூடு ஒன்றை அட்டையினாலோ தகரத்தினாலோ அமைக்கக் கற்றுக்கொண்டார்கள். நீரை ஓட்டுவதற்கு மீன்தொட்டிப் பம்புகள் உதவின; இரவும் பகலும் சத்தமின்றி உழைத்த ஜெர்மன் ஈஹைம் பம்புகளுக்கு அவர்களிடையே தனி கௌரவம் இருந்தது.

சிப்பின்மேல் அமரும் செம்புக் கட்டியோ அவரவர் கைவண்ணமாகவே இருந்தது. கடைசல் யந்திரம் கைக்கு எட்டாதவர்கள், கனத்த செம்புப் பாளத்தின் பக்கவாட்டில் டிரில்லினால் குறுக்கும் நெடுக்குமாகத் துளைகளிட்டு, வேண்டாத வாய்களைத் திருகாணியால் அடைத்து, நீர் வளைந்து வளைந்து செல்லும் பாதையை உண்டாக்கினார்கள். அடிப்பாகத்தைத் தட்டையான கண்ணாடிமேல் விரித்த உப்புத்தாளில் மணிக்கணக்காகத் தேய்த்து, முகம் தெரியும்படி மெருகேற்றுவது அவர்களுக்கு நித்திய விரதம்போல் இருந்தது. இரு பரப்புகளிடையே தங்கும் காற்றே உஷ்ணம் கடந்து செல்வதற்கு முதல் எதிரி என்பதை அவர்கள் கையினால் அறிந்திருந்தார்கள். நீண்ட வளைவுப் பாதையைவிட, சிப்பின் நடுமையத்துக்கு நேர் மேலே நீரைப் பாய்ச்சி, அங்கே மெல்லிய செம்பு இதழ்களிடையே கொந்தளிக்கச் செய்வதே மேலானது என்ற முடிவுக்கு அவர்கள் சில வருஷங்களில் வந்துசேர்ந்தார்கள். நுண்ணிய கால்வாய்களின் ஆற்றலை ஸ்டான்ஃபோர்ட் சர்வகலாசாலையில் டக்கர்மனும் பீஸும் 1981-லேயே நிரூபித்திருந்தார்கள். ஆயினும் ஆய்வுக்கூடத்து உண்மை கார் கொட்டகையின் வேலைப்பலகைக்கு வந்ததில் இந்த அமெச்சூர்களின் பங்கை நான் சிறிதாக மதிக்கமாட்டேன். ஒருவர் அளந்த வெப்பநிலையை மற்றொருவர் தம் வீட்டில் அளந்து சரிபார்த்த அந்த ஒழுங்கு, விஞ்ஞானத்தின் ஒழுங்கேயன்றி வேறன்று.

நீர் அவர்களுக்குக் கற்பித்த பாடங்கள் கடுமையானவை. அலுமினிய ரேடியேட்டரையும் செம்புக் கட்டியையும் ஒரே நீரோட்டத்தில் சேர்த்தவர்கள், அவ்விரண்டும் மின்கலத்தின் இரு தகடுகளாகி அலுமினியம் அரித்துப் போவதைக் கண்டார்கள். சுத்தமான வாலைவடிநீர் முதலில் மின்சாரத்தைக் கடத்தாது என்பது மெய்யே. எனினும் உலோகத்தைத் தொட்டுத் தொட்டு அயனிகளைச் சேர்த்துக்கொண்ட பிறகு, அது மதர்போர்டின்மேல் ஒரு துளி விழுந்தாலும் ஆபத்துதான். பாசி படர்ந்து குழாய்கள் பச்சை நிறமாக மாறின. இவற்றுக்குப் பரிகாரமாகக் கார்களுக்கு ஊற்றும் எதிலீன் கிளைக்காலைக் கொஞ்சம் கலந்தார்கள். சிலர் வெள்ளிக் கம்பிச் சுருளை நீரில் போட்டு வைத்தார்கள். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஒரு நாள் முழுதும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் கீழும் மெல்லிய காகிதத்தை விரித்து ஈரம் தட்டுகிறதா என்று பார்ப்பது நாளடைவில் சம்பிரதாயமாக நிலைத்தது. ரேடியேட்டரையே விலக்கிவிட்டு, உயரமான பி.வி.சி. குழாயின் உச்சியிலிருந்து நீரைத் தூவி, கீழிருந்து காற்றை ஊதி, ஆவியாதலினாலேயே அறையின் வெப்பத்துக்கும் கீழே நீரைக் குளிர்வித்தவர்களும் உண்டு. குறைந்த நீரை அவர்கள் இடைவிடாது நிரப்பிக்கொண்டேயிருக்க நேர்ந்தது.

இதற்குள் தொழிற்சாலைகள் விழித்துக்கொண்டன. ஆப்பிள் கம்பெனி 2004-இல் தன் 2.5 கிகாஹெர்ட்ஸ் பவர் மேக் ஜி5-இல் திரவக் குளிர்ச்சியை அமைத்தே விற்றது; அதே வருஷத்தில் இன்டெல், உஷ்ணத்தோடு போராடி அலுத்து, டேஜாஸ் என்னும் வருங்காலச் சிப்பைக் கைவிட்டு, ஒரே சிப்பில் இரு கருக்களை வைக்கும் வழியை மேற்கொண்டது. பின்னர் டென்மார்க்கின் ஆஸடெக், பம்பையும் செம்புக் கட்டியையும் ஒன்றாக்கி, திரவத்தை நிரப்பி முத்திரையிட்ட அமைப்பை உருவாக்க, 2009-இல் கோர்ஸேர் அதை எச்50 என்ற பெயரில் கடைகளுக்குக் கொண்டுவந்தது. அதை வாங்கியவர் நீரை ஊற்றவும் வேண்டியதில்லை, நீரைப் பற்றி அறியவும் வேண்டியதில்லை.

தாமே குழாய் இணைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அக்ரிலிக் குழாய்களை அனலில் காட்டி நேர்த்தியாக வளைத்து, வர்ணத் திரவங்களை ஓடவிட்டு, விளக்குகள் ஒளிரக் கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைக்கும் அவர்களுடைய கைத்திறன் போற்றத்தக்கதே. ஆயினும், துருவேறிய காரிலிருந்து கழற்றிய ரேடியேட்டரும், கையால் தேய்த்த செம்பும், கருத்த ரப்பர்க் குழாயுமாக, அழகைச் சற்றும் கருதாமல் அமைந்த அந்தப் பழைய யந்திரங்களையே என் மனம் அதிகம் நாடுகிறது. அவற்றில் இருந்த ஒவ்வொரு பாகத்துக்கும், அதைப் பொருத்தியவர் தம் வாயாலேயே காரணம் சொல்ல வல்லவராக இருந்தார்.