அறிவுக்கு ஓர் அளவுகோல் – ஆல்பிரட் பினேயின் கதை

ஒரு குழந்தையின் அறிவுத்திறனை எப்படிக் கண்டறிவது? இந்தக் கேள்விக்கு முதன்முதலில் நடைமுறைக்கு உகந்த விடை கண்டவர் பிரான்ஸ் நாட்டு உளவியல் அறிஞர் ஆல்பிரட் பினே. இவர் 1857-ஆம் ஆண்டு நீஸ் நகரில் பிறந்தார்.

அக்கால அறிஞர்கள் பலரைப் போலவே, தலையின் அளவுக்கும் அறிவுக்கும் தொடர்பு உண்டு என்று பினேயும் முதலில் நம்பினார். பள்ளிப் பிள்ளைகளின் தலைகளை அளந்து பார்த்தார். நன்கு படிப்பவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு மிகமிகச் சிறியது. அளப்பவரின் எதிர்பார்ப்பே அளவை மாற்றிவிடக் கூடும் என்றும் அவர் உணர்ந்தார்.

உண்மையான பாடம் அவருக்கு வீட்டிலேயே கிடைத்தது. தன் இரண்டு மகள்களையும் பல ஆண்டுகள் கவனித்து வந்தார். ஒரே வீட்டில் வளர்ந்தும் ஒருத்தி எதையும் உற்று நோக்குபவளாகவும், மற்றவள் கற்பனையில் திளைப்பவளாகவும் இருந்தார்கள். அறிவு ஒரே அச்சில் வார்க்கப்பட்டது அல்ல என்பது அவருக்குப் புரிந்தது.

பிரான்சில் 1882-இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கு வந்தபோது, சிலரால் பாடத்தைப் பின்தொடர முடியவில்லை. இவர்களுக்கு என்ன செய்வது என்று ஆராய 1904-இல் அரசு ஒரு குழுவை அமைத்தது. ஆசிரியரின் வெறும் அபிப்பிராயத்தை வைத்து ஒரு குழந்தையை ஒதுக்கிவிடக் கூடாது என்று பினே கருதினார்.

மருத்துவர் தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1905-இல் 30 சிறு சோதனைகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். படத்திலுள்ள பொருளின் பெயரைச் சொல்வது, மூன்று எண்களைத் திருப்பிச் சொல்வது போன்றவை அதில் இருந்தன. 1908-இல் சோதனைகள் வயதுவாரியாக வகுக்கப்பட்டன. ‘மன வயது’ என்ற கருத்து இவ்வாறு பிறந்தது.

பினேயின் நோக்கம் முத்திரை குத்துவது அல்ல, உதவுவது. அறிவு மாறாதது என்ற எண்ணத்தை 1909-இல் எழுதிய நூலில் கடுமையாக எதிர்த்தார். உடலுக்கு உடற்பயிற்சி போல மனதுக்கும் பயிற்சி வேண்டும் என்றார். குழந்தைகளைச் சிலைபோல அசையாமல் நிற்கச் செய்யும் விளையாட்டின் மூலம் கவனத்தை வளர்க்க முயன்றார்.

1911-இல் பினே மறைந்தார். அவரது அளவுகோல் அமெரிக்கா சென்று வேறு வடிவம் பெற்றது. 1916-இல் லூயிஸ் டெர்மன் அதைத் திருத்தி, நுண்ணறிவு ஈவு என்ற ஒற்றை எண்ணைப் பரப்பினார். பிறவியிலேயே அறிவு முடிவாகிவிடுகிறது என்று அவர் நம்பினார். மதிப்பெண் குறைந்தவர்களைச் சமுதாயத்திலிருந்து ஒதுக்கவும் இத்தகைய சோதனைகள் பயன்பட்டன.

டெர்மன் 1921-இல் மேதைக் குழந்தைகளைத் தேடும் ஆய்வைத் தொடங்கி, சுமார் 1500 பேரைத் தேர்ந்தெடுத்தார். அதில் இடம் கிடைக்காமல் போன சிறுவர்களில் இருவர் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ். ஷாக்லி 1956-லும் ஆல்வரெஸ் 1968-லும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். தேர்வானவர்களில் ஒருவர்கூட அப்பரிசைப் பெறவில்லை.

எந்தக் குழந்தைக்கு எங்கே கைகொடுக்க வேண்டும் என்று காட்டவே பினே அளவுகோலைச் செய்தார். அந்த உதவி செய்யும் மனம் இல்லாதவர் கையில் அதே அளவுகோல் வேலியாக மாறிவிடுகிறது.