தலைகீழ் நிலையும் உடலறிவும்

யாக்கையைத் தலைகீழாக நிறுத்துதல் கழைக்கூத்தர் தொழிலென்பார் சிலர். யோகியர் பயிற்சியென்பார் வேறு சிலர். சைவர் வரலாற்றில் அதற்கு இவ்விரண்டின் மேம்பட்டதொரு பொருளும் உண்டு.

கி. பி. 6-ஆம் நூற்றாண்டினரெனப் பலரும் கொள்ளும் காரைக்காலம்மையார், ஊனுடல் வனப்பை உதறிப் பேய்வடிவு பெற்றுக் கயிலையை அணுகியபோது, காலால் நடத்தலொழிந்து தலையினால் நடந்தனர் என 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் அருளிச்செய்தார். உமையம்மையார் வினவ, அவர் தம்மைப் பேணும் அம்மையென மொழிந்த இறைவர், அவரை நோக்கி ‘அம்மையே’ என்றழைத்தருளினர். அம்மையார் தலையால் நடந்த தலமாதலின் திருவாலங்காட்டை மிதித்தற்கஞ்சித் திருஞானசம்பந்தர் அயலூரில் ஓரிரவு தங்கினர் என்பதும் பெரியபுராணத்தாற் பெறப்படும்.

15-ஆம் நூற்றாண்டிற் சுவாத்மாராமர் இயற்றிய அடயோகப்பிரதீபிகை, தலை கீழும் கால் மேலுமாக நிற்றலை ‘விபரீதகரணி’ என முத்திரைகளுள் வைத்தது. அண்ணத்தின் மேலுள்ள மதி பொழியும் அமுதை உந்தியிலுள்ள ஞாயிறு உண்டொழித்தலால் மூப்பு எய்தும். நிலையை மாற்றின் அவ்விழப்பு நீங்கும் என்பது அந்நூற் கருத்து. முதனாள் ஒரு கணமே நின்று, நாடோறும் சிறிது சிறிதாகப் பெருக்குக என்றும் அது விதித்தது. ஈண்டுக் கருதப்பட்ட பயன் உடலைக் காத்தலேயாம்.

இனி, கையூன்றித் தலைகீழாய் நிற்கப் பயில்வான் ஒருவனை நோக்குக. காலால் நிற்குங்கால் அவன் தன்னுடலை எண்ணுவதேயில்லை. கைகளே கால்களான பொழுது, உடல் முன்சாயின் விரல்கள் நிலத்தை அழுத்தவும், பின்சாயின் உள்ளங்கையடி தாங்கவும் வேண்டும். மணிக்கட்டு, தோள், வயிறு, மூச்சு என ஒவ்வொன்றும் வேறுவேறாக அவனறிவிற்குப் புலனாம். நெடுங்காலம் ‘யான்’ என்று மயங்கியிருந்தது, பல கருவிகளின் தொகுதியாய் அவன்முன் நிற்கும்.

13-ஆம் நூற்றாண்டின் மெய்கண்டதேவர், ‘எனதுடல்’ என்னும் வழக்கே உடலின் வேறாய் உயிருண்மையைக் காட்டுமென்று சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில் நிறுவினர். அறியப்படுவது அறிவானாகாது. ஆகலின், உடலை நுணுகியறியுந்தோறும், அதனையறியும் உயிர் அதனின் வேறென்பது தெளிவாம். அத்தெளிவின்றி நாழிகைக்கணக்கில் தலைகீழாய் நிற்பினும் வளர்வது உடற்செருக்கேயன்றி ஞானமன்று.

அம்மையார் செயலோ பயிற்சியுமன்று, உடலைக் காக்கும் உபாயமுமன்று. இறைவர் மலையைக் காலால் மிதியாமையாகிய அன்பே அவரைத் தலையால் நடத்திற்று. யோகி உடல் நிலைபெறத் தலைகீழானான். அம்மையாரோ உடலை அடிமைத்திறத்திற்கே உரிமையாக்கினர். கருவியைக் கருவியென்றுணர்தல் முதற்படி. உடையவர்க்கு அதனை ஒப்புவித்தலே முடிந்த படியென்க.