நெய்வேலியும் அரை மணி நேரச் சாப்பாடும்

நெய்வேலி என்றதும் பழுப்பு நிலக்கரியும் கரண்டும்தான் ஞாபகம் வரும். டிபன் பாக்ஸ் யாருக்கும் ஞாபகம் வராது. ஆனால் இரவு பகலாக ஷிப்டில் ஓடும் ஊரில், சாப்பிடும் அரை மணி நேரம் யாருடையது என்பது சின்னக் கேள்வி இல்லை.

இதற்குக் கொஞ்சம் பின்னால், பெரம்பூருக்குப் போக வேண்டும். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்னின்றார்கள், பி.பி.வாடியா தலைவர். பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று, மதியம் கிடைத்த அரை மணி போதவில்லை என்பது. 40 நிமிடம் கேட்டார்கள். ஆமாம், பத்தே பத்து நிமிடம் கூடுதலாக! ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வெளியே வந்து, கை கழுவி, சாப்பிட்டு, மறுபடி உள்ளே போக வேண்டும் என்று யோசித்தால் அந்தப் பத்து நிமிடத்தின் மதிப்பு புரியும்.

சுதந்திரத்துக்குப் பின் இது சட்டமானது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 55ஆம் பிரிவு, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, அதற்குள் குறைந்தது அரை மணி ஓய்வு தர வேண்டும் என்றது. 1952 சுரங்கச் சட்டத்தின் 30ஆம் பிரிவும் அதையே சொன்னது. நெய்வேலி நிறுவனம் 1956ல் பதிவானது, 1957ல் தோண்டத் தொடங்கினார்கள், 1962ல் அனல் மின்நிலையம் ஓடியது. திறந்தவெளிச் சுரங்கத்துக்குச் சுரங்கச் சட்டம், மின்நிலையத்துக்குத் தொழிற்சாலைச் சட்டம். ஒரே டவுன்ஷிப், பக்கத்துப் பக்கத்து வீடு, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வேறு வேறு சட்டம்!

நெய்வேலியில் நிறுத்தவே முடியாத வேலைகளும் உண்டு. நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு தண்ணீர் இருக்கிறது. இரவு பகலாகப் பம்ப் செய்யாவிட்டால் அது சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். மணி அடித்ததும் எல்லோரும் சாப்பிடப் போய்விட முடியாது. மாற்று ஆள் வர வேண்டும். வராவிட்டால்?

ஓவர்டைம் கிடைக்கும் என்று நினைப்போம். காமர்ஸ் கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு மணி நேர ஷிப்டுக்குள்ளேயே இடைவேளை அடக்கம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான வேலை ஏழரை மணி, ஆறு நாளைக்கு 45 மணி. ஒரு நாள்கூட சாப்பிடப் போகாமல் உழைத்தாலும் வாரத்துக்கு 48 மணிதான். பழைய சட்டங்களின் எல்லை நாளுக்கு 9, வாரத்துக்கு 48. அதைத் தாண்டினால்தான் இரட்டைச் சம்பளம். ஆக, மூன்று மணி நேரம் போனது, ஓவர்டைம் பூஜ்யம்! விதியை மீறிய நிர்வாகத்துக்குப் பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 92ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் இருந்ததுதான். ஆனால் அந்த அபராதம் பசியோடு நின்றவருக்குப் போகும் பணமாக இருக்கவில்லை. இடைவேளையைச் சட்டம் சம்பளமாகப் பார்க்கவில்லை, ஓய்வாகத்தான் பார்த்தது. அதனால்தான் அதை விற்கவும் முடியாது, இழந்தால் வாங்கவும் முடியாது.

இந்த அரை மணி மேல் அரசுகளுக்கும் அவ்வப்போது கண் விழுந்தது. 2020 ஏப்ரலில் கொரோனாவைக் காரணம் காட்டி குஜராத் அரசு, 12 மணி நேர வேலை, ஆறு மணி நேரத்துக்குப் பிறகு இடைவேளை, கூடுதல் நேரத்துக்குச் சாதாரணக் கூலி என்று அறிவித்தது. அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, ஓவர்டைம் பாக்கியைக் கொடுக்கச் சொன்னது. தமிழ்நாடும் சும்மா இல்லை. 2023 ஏப்ரல் 21 அன்று சட்டசபையில் நிறைவேறிய 65ஏ திருத்தம், வேலை நேரத்தோடு 55ஆம் பிரிவிலிருந்தும் விலக்கு தர வழி செய்தது. எல்லோரும் 12 மணி நேரத்தைப் பற்றியே பேசினார்கள், இடைவேளையைக் கவனித்தவர்கள் குறைவு. எதிர்ப்பு கிளம்பியதும் மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று முதல்வர் ஸ்டாலின் வாபஸ் அறிவித்தார்.

2025 நவம்பர் 21 முதல் அந்த இரண்டு பழைய சட்டங்களின் இடத்தில் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. நாளுக்கு எட்டு மணி, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது அதில் இருக்கிறது. "ஐந்து மணி, அரை மணி" என்ற எண்கள் மட்டும் சட்டத்துக்குள் இல்லை. இடைவேளை எவ்வளவு என்பதை அரசே அறிவிக்கலாம். நெய்வேலிச் சுரங்கத்துக்கு அந்த அரசு டெல்லியில் இருக்கிறது.