ஐந்து கோகுகள், நான்கு பெண்கள்

ஜப்பானின் யோகோஹாமா நகரில் ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸ் என்றொரு வீடியோ கேம் நிறுவனம் இருக்கிறது. 1994 டிசம்பரில் இந்நிறுவனம் உருவாக்கிய சண்டை கேம் ஒன்றில் ஒன்பது பேர் மோதிக்கொண்டார்கள். ஒன்பது பேரும் பெண்கள். 2018 ஜனவரியில் இதே நிறுவனம் உருவாக்கிய இன்னொரு சண்டை கேமில் 24 பேர் இருந்தார்கள். அதில் பெண்கள் இரண்டே பேர். முதலாவது ‘செய்லர் மூன்’ தொடரை வைத்து எடுக்கப்பட்டது, இரண்டாவது ‘டிராகன் பால்’ தொடரை வைத்து. இரண்டு அனிமேக்களையும் தயாரித்தது தோயெய் அனிமேஷன்தான்.

காலம் போகப் போகப் பெண்களுக்கு இடம் கூடும் என்று நாம் நம்பப் பழகியிருக்கிறோம். இந்த இரண்டு கேம்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. கேம்களைவிட அவற்றை ஆடியவர்கள் சொன்ன கருத்துகள்தான் என்னை இன்னும் அதிகமாக யோசிக்க வைத்தன. யார் பலசாலி, யார் சொத்தை, யாருக்கு இடம் வேண்டும், எது நல்ல கேம், எது குப்பை என்றெல்லாம் ஆட்டக்காரர்கள் ஓயாமல் தீர்ப்புச் சொல்கிறார்கள். விளையாட்டுப் பேச்சுதானே என்று நாம் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். தாண்டிப் போகாமல் நின்று கேட்டால் அதற்குள்ளும் ஒரு பெண் வரலாறு இருக்கிறது.

எட்டில் ஒருத்தி

சண்டை கேம் என்ற வகையை உலகெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது 1991இல் கேப்காம் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’. அதில் ஆடக் கிடைத்த எட்டுப் பேரில் சுன்-லி ஒருத்திதான் பெண். அவளை உருவாக்கும்போது நடந்த ஒரு விவாதத்தை அந்தக் குழுவினரே பின்னாளில் பேட்டியில் சொன்னார்கள். பெண்ணுக்கு உடல் வலு குறைவு என்பதால் அவளுடைய உயிர்ப்பட்டையை மற்றவர்களுடையதைவிடச் சின்னதாக வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இன்னொருவர் ஒப்புக்கொள்ளவில்லை. சுன்-லிக்கு முழுப் பட்டை கிடைத்தது.

அடி வாங்க வாங்கத் திரையின் மேலே குறைந்துகொண்டே வரும் கோடுதான் உயிர்ப்பட்டை. அந்தக் கோட்டின் நீளம் இயற்கை தந்ததல்ல. ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் சிலர் எடுக்கும் முடிவு அது. ‘பெண் பலவீனமானவள்’ என்ற கருத்து ஒரு எண்ணாக மாறி, கேமுக்குள் நிரந்தரமாகப் பதிந்து, பிறகு கோடிக்கணக்கானோருக்கு ‘உண்மை’யாகத் தெரிந்திருக்கும். அன்று யாரோ ஒருவர் மறுத்ததால் அது நடக்காமல் போனது.

ஆனாலும் எட்டில் ஒருத்தியாக இருப்பதில் வேறொரு சிக்கல் உண்டு. எட்டுப் பேரில் ஒரு ஆண் மெதுவாக நகர்ந்தால் அவன் ‘மெதுவான ஆட்டக்காரன்’. ஒரே பெண் மெதுவாக நகர்ந்தால் ‘பெண்களே இப்படித்தான்’. அவள் தனக்காக மட்டும் ஆட முடியாது, தன் இனம் முழுவதையும் சுமந்துகொண்டுதான் ஆட வேண்டும். அலுவலகக் கூட்டத்தில் ஒரே பெண்ணாக உட்கார்ந்தவர்களுக்கும், இயந்திரவியல் வகுப்பில் ஒரே மாணவியாகப் படித்தவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒன்பதில் ஒன்பது

நவோகோ தகெயூச்சி எழுதி வரைந்த ‘செய்லர் மூன்’, சிறுமிகளுக்கான ‘நகயோஷி’ இதழில் தொடராக வந்தது. 1992 மார்ச்சில் தொலைக்காட்சிக்கு வந்து, 1997 வரை 200 பகுதிகள் ஓடியது. அதற்கு முன் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஐந்து பேர் கொண்ட வீரர் குழு என்றால் அதில் ஒன்றிரண்டு பெண்கள் இருப்பார்கள். தகெயூச்சி அந்தக் கணக்கைத் தலைகீழாக்கினார். சண்டை போடும் குழு முழுவதும் பள்ளி மாணவிகள். அவர்கள் அழுவார்கள், தின்பண்டத்துக்கு அலைவார்கள், தேர்வில் கோட்டை விடுவார்கள், உலகத்தையும் காப்பாற்றுவார்கள்.

இதிலிருந்து பிறந்த 1994 சண்டை கேம் சூப்பர் ஃபாமிகாம் என்ற வீட்டுக் கருவிக்காக வந்தது. அதன் நீண்ட ஜப்பானியத் தலைப்பை ‘களத்துக்கு வெளியே கைகலப்பு!? நாயகி இடத்துக்கான போட்டி’ என்று தமிழில் சொல்லலாம். அடுத்த தலைவி யார் என்று தோழிகளுக்குள் சண்டை வருகிறது, அதுதான் கதை.

இந்தக் கதையை முதலில் படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. பெண்கள் மோதினால் அதைச் சிரிப்பாகவே பார்க்கும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. நம் மொழியிலேயே ஆண்கள் மோதினால் போர், வீரம், களம். பெண்கள் மோதினால் குழாயடிச் சண்டை. அந்தத் தலைப்பிலிருக்கும் ஆச்சரியக்குறியும் கேள்விக்குறியும் அதே இளிப்பைத்தான் இளிக்கின்றன என்று நினைத்தேன்.

ஆடத் தொடங்கியதும் வேறொன்று கண்ணில் பட்டது. இங்கே ஜெயிப்பவளும் பெண், தோற்பவளும் பெண். நெருங்கிப் போய் அடிப்பவள் ஒருத்தி, தூரத்திலிருந்து தாக்குபவள் இன்னொருத்தி. வேகமானவள், கனமானவள், சிறுமி, எல்லோருமே இருக்கிறார்கள். ஒருத்தி பலவீனமாக இருந்தால் அந்தப் பலவீனம் அவளுடையது மட்டும்தான், பெண் குலத்தினுடையது அல்ல. போதாததற்கு, தாக்குதல், தற்காப்பு போன்ற திறன்களுக்கான புள்ளிகளை ஆடுபவர்களே தங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளவும் முடியும். யாருக்கு எவ்வளவு வலு என்பதை உருவாக்கியவர்கள் மட்டும் தீர்மானிக்கவில்லை. ஆடும் சிறுமியின் கைக்கும் அதில் கொஞ்சம் வந்தது.

அந்தக் காலத்து ஜப்பானில் சண்டை கேம்கள் வளர்ந்த இடம் ஆர்க்கேடு. சிகரெட் புகையும் ஆண்கள் கூட்டமும் நிறைந்த கூடங்கள் அவை. 1995இல் வந்த புரிகுரா என்ற ஸ்டிக்கர் புகைப்பட இயந்திரங்கள்தான் பள்ளிச் சிறுமிகளைக் கூட்டம் கூட்டமாக அங்கே அழைத்து வந்தன. செய்லர் மூன் கேமோ நேராக வீட்டுக்குள் வந்தது. வெளியே போக அனுமதி கேட்க வேண்டாம், முதுகுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கும் கண்களும் இல்லை.

யாருடைய கருத்து ஆவணமாகிறது?

அந்தக் கேமைப் பற்றி இன்று நமக்குக் கிடைக்கும் கருத்துகளில் பெரும்பாலானவை அதற்காக எண்ணப்பட்ட சிறுமிகளுடையவை அல்ல. பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் நடக்கும் சண்டை கேம் போட்டிகளின் ஓரத்தில் இதை எடுத்து ஆடிய இளைஞர்களுடையவை. பெரிய போட்டி முடிந்தபின் இரவில், பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றைச் சுற்றி உட்கார்ந்து வேடிக்கைக்காக ஆடினார்கள். முடிவே இல்லாமல் தொடரும் அடிகளையும் சமநிலை கெட்ட பாத்திரங்களையும் கண்டுபிடித்தார்கள். இப்படிப்பட்ட கேமுக்கு ஜப்பானிய மொழியில் ‘குசோகே’ என்று பெயர். நாகரிகமாகச் சொன்னால், குப்பை கேம். சிரித்துக்கொண்டே ஆடத் தொடங்கியவர்களில் சிலர் பிறகு சிரிப்பதை விட்டுவிட்டுத் தீவிரமாகவே ஆடினார்கள். அவர்களுடைய ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் எடுத்து ஆடாவிட்டால் இந்தக் கேம் இன்று பேசப்பட்டிருக்காது.

ஆனாலும் கவனியுங்கள். எந்த அடி எத்தனை நொடியில் விழுகிறது, யார் முதல் தட்டில், யார் கடைசித் தட்டில் என்று அவர்கள் போட்ட பட்டியல்கள் இருக்கின்றன. 1994இல் இதைப் பிறந்தநாள் பரிசாகப் பெற்று, அக்காவோடும் தங்கையோடும் ஆடிய ஒரு பத்து வயதுச் சிறுமியின் கருத்து எந்தப் பட்டியலிலும் இல்லை. யாரை எடுத்தாள், ஏன் எடுத்தாள், வலுவானவள் என்பதாலா, தன்னைப் போல இருந்தாள் என்பதாலா? இந்தக் கேள்விகளைக் கேட்க ஆளில்லை. சமையல் குறிப்பையும் தாலாட்டையும் இழந்ததுபோலவே நாம் இதையும் இழந்திருக்கிறோம். பெண் குழந்தைகள் விளையாடுவது வரலாறு என்று யாருக்கும் தோன்றவில்லை.

இருபத்து நான்கில் இருவர்

அகிரா தோரியாமாவின் ‘டிராகன் பால்’ 1984 முதல் 1995 வரை சிறுவர்களுக்கான வார இதழ் ‘ஷோனென் ஜம்ப்’பில் வந்தது. ‘ஷோனென்’ என்றால் சிறுவன் என்றே பொருள். 2018இல் வந்த ‘டிராகன் பால் ஃபைட்டர்ஸ்’ பார்ப்பதற்கு அந்த அனிமேயே உயிர்பெற்று வந்ததுபோல இருந்தது. உலகின் பெரிய சண்டை கேம் போட்டியான ஈவோவில் அந்த ஆண்டு அதற்கு மட்டும் 2,500க்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள்.

வெளியானபோது இருந்த இரண்டு பெண்கள் ஆண்ட்ராய்டு 18, ஆண்ட்ராய்டு 21. பிறகு 2019இல் விடேல் வந்தாள், 2020இல் கெஃப்லா வந்தாள், 2022இல் ஆண்ட்ராய்டு 21 இன்னொரு வடிவில் மறுபடியும் வந்தாள். கடைசிக் கணக்கில் மொத்தம் 44 இடங்கள். பெண்களுக்கு ஐந்து இடம், அதில் ஆள் நான்கு பேர். கோகு என்ற ஒரே ஆணுக்கும் ஐந்து இடம். வெவ்வேறு தலைமுடி, வெவ்வேறு நிறம், வெவ்வேறு வயது, ஆள் ஒன்றே.

கோகுகள் அதிகமாகிவிட்டார்கள் என்று ஆட்டக்காரர்களே சலித்துக்கொண்டார்கள். புதிய கோகு ஒவ்வொரு முறை அறிவிக்கப்பட்டபோதும் கேலி பறந்தது. ஆனால் அந்தச் சலிப்பு பெரும்பாலும் ‘ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருகிறான்’ என்பதோடு நின்றது. அந்த இடத்தில் யார் இல்லை என்ற கேள்வி அவ்வளவு சத்தமாக எழவில்லை. எழுந்தபோதெல்லாம் ஒரு பதில் தயாராக இருந்தது: ‘மூலக்கதையே அப்படித்தான், அதில் பெண்கள் சண்டை போடுவதில்லை.’

என் அண்ணன் மகனும் இதையே சொன்னான். “அத்தை, கதையில இல்லாததை எப்படி வைப்பாங்க?” அவனுக்குச் சொன்ன பதிலை இங்கேயும் எழுதுகிறேன்.

கதையில் சிச்சி உலகத் தற்காப்புக் கலைப் போட்டியில் பெயரை மறைத்துக்கொண்டு கலந்துகொண்டு, மேடையில் கோகுவோடு மோதுகிறாள். அந்த மோதலின் முடிவில் அவளுக்குத் திருமணம் நிச்சயமாகிறது, அதன்பின் கதை அவளைச் சமையலறைக்கு அனுப்பிவிடுகிறது. 2005இல் வந்த ‘சூப்பர் டிராகன் பால் இசட்’ கேமில் அதே சிச்சி சண்டை போடும் பாத்திரமாக இருந்தாள். ஆக, முடியாத காரியம் அல்ல. யாம்ச்சா கதையில் கேலிக்குரிய அளவுக்கு பலம் குறைந்தவன். அவனுக்கு முதல் நாளிலேயே இடம் கிடைத்தது. கதைப்படி பார்த்தால் அழிவுக் கடவுளான பீரஸின் முன் க்ரில்லின் ஒரு தூசு, கேமில் அவன் பீரஸைத் தாராளமாக வீழ்த்தலாம். ஆண்களுக்காகக் கதையின் கணக்கை வளைக்க முடிகிறது. பெண்களின் முறை வரும்போது மட்டும் மூலக்கதை வேதமாகிவிடுகிறது. ஆண்ட்ராய்டு 21 மூலக்கதையிலேயே இல்லை, இந்தக் கேமுக்காகவே புதிதாக உருவாக்கப்பட்டவள். மனம் இருந்தால் ஒரு பெண்ணை ஒன்றுமில்லாததிலிருந்துகூட உருவாக்கலாம் என்பதற்கு அவளே சாட்சி.

இன்னொன்றையும் பாருங்கள். ஆண்ட்ராய்டு 18 சண்டையின் நடுவே தன் தம்பி 17ஐத் துணைக்கு அழைக்கிறாள். விடேலுடன் முகமூடி போட்ட கோஹான் வருகிறான். ஆண் பாத்திரங்களிலும் துணையோடு வருபவர்கள் உண்டு, டியென் தன் தோழன் சியாவோட்ஸுவை அழைக்கிறான், கின்யூ தன் படையையே அழைக்கிறான். ஆனால் பல ஆண்கள் தனியாகவே நிற்கிறார்கள். தோரியாமாவின் மூலக்கதையிலிருந்து வந்த இரண்டு பெண்களில் ஒருத்தியும் தனியாக நிற்கவில்லை. தனியாக வெளியே போகும் பெண்ணுடன் தம்பியையாவது அனுப்பி வைக்கும் வீடு நமக்குத் தெரியாததல்ல. கெஃப்லா மட்டும் வேறு மாதிரி. அவள் காலிஃப்லா, கேல் என்ற இரண்டு பெண்கள் இணைந்து ஓருடலான வீராங்கனை. அவளுக்குத் துணை இன்னொரு பெண்ணே.

கருத்துச் சொல்ல நிற்க வேண்டும்

பெண்கள் ஏன் தங்கள் கருத்தைச் சொல்லவில்லை என்று கேட்பவர்கள் 2012 பிப்ரவரியை நினைவில் கொள்ள வேண்டும். கேப்காம் தன் புதிய கேமை விளம்பரப்படுத்த இணையத்தில் நேரலையாக ஒரு போட்டி நிகழ்ச்சி நடத்தியது. அதில் ஆடிய ஒரு பெண்ணின் உடலைப் பற்றி அவளுடைய அணியின் பயிற்சியாளரே கேமரா முன் தொடர்ந்து பேசினார். இறுதியில் அவள் போட்டியைக் கைவிட்டாள். கேள்வி எழுந்தபோது, பாலியல் சீண்டல் இந்தச் சமூகத்தின் கலாசாரத்தில் ஒரு பகுதி என்கிற ரீதியில் அந்தப் பயிற்சியாளர் நியாயப்படுத்தினார். கண்டனம் எழுந்தபிறகு மன்னிப்பும் வந்தது.

அவள் ஆடத் தெரியாமல் போகவில்லை. அந்த அறையில் நிற்க முடியாமல் போனாள். யார் பலசாலி, எது சமநிலை என்று பேசுவதற்கு முதல் தேவை அறைக்குள் நிற்பது. வெளியே தள்ளப்பட்டவளின் கருத்து பட்டியலில் ஏறாது. பட்டியலில் பெண் குரல் இல்லாததால் நிறுவனத்துக்கு அது கேட்காது, அடுத்த கேமில் ஆறாவது கோகு வருவான்.

அதே சமூகத்துக்குள் மாற்றமும் நடந்திருக்கிறது. 2018 ஈவோவில் டிராகன் பால் ஃபைட்டர்ஸ் பட்டத்தை வென்ற சோனிக்ஃபாக்ஸ் ஒரு கறுப்பினத்தவர், தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவர். மேடை அவருக்காக எழுந்து ஆரவாரித்தது. எனவே இந்த அறையின் கதவு திறக்கவே திறக்காதது என்று நான் சொல்லமாட்டேன். உள்ளே போய் நின்றவர்கள்தான் அதைத் திறந்தார்கள்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் மாணவிகளில் கேம் ஆடுபவர்கள் கட்டாயம் இருப்பீர்கள். செல்போனிலோ, அண்ணனின் கணினியிலோ, விடுதி அறையிலோ ஆடுவீர்கள். யாரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள், எது பிடிக்கவில்லை என்று எழுதி வையுங்கள், தேதியும் போடுங்கள். முப்பது ஆண்டுகள் கழித்து நம்மைப் பற்றி எழுதப்போகிறவளுக்கு, ஆண்கள் போட்ட பட்டியல் மட்டுமே கிடைக்கக் கூடாது.