மனை விலையாவணமும் அடுக்ககப் பத்திரமும்

மனை என்னுஞ் சொல் தமிழில் நெடிய வரலாறுடையது. சங்கச் செய்யுட்களில் அஃது இல்லத்தையும் இல்வாழ்க்கையையும் ஒருங்கே குறித்தது. மனைவி, மனையறம் என்பன அதன்வழிப் பிறந்தனவே. இன்றோ விளம்பரப் பலகையிலும் பத்திர எழுத்தர் நாவிலும் அது வெறுநிலமாகச் சுருங்கிவிட்டது. சென்னையில் 2400 சதுர அடி ஒரு மனை என அளவுப்பெயராகவும் வழங்குகின்றது. நிலம் வேறு, வீடு வேறு என்னும் இப்பிரிவு சொல்லளவில் நின்றிருப்பின் அதனை மொழிநூலார்க்கு விட்டுவிடலாம். புதுவீடு கொள்வோர் பெறும் ஆவணத்தினுள்ளும் அது புகுந்தமையே ஈண்டு ஆராயத்தக்கது.

சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுக்களிற் காணப்பெறும் விலையாவணங்கள் பெரும்பாலும் ஒரு கட்டமைப்பிற்கு உட்பட்டவை. விற்போனும் கொள்வோனும் முதற்கண் கூறப்படுவர். பின்னர்க் கீழ்பாற்கெல்லை முதலாக நான்கெல்லையும் வரும். அவற்றுள் அகப்பட்ட நிலம் சிறிதும் ஒழியாமை, மேல்நோக்கிய மரம், கீழ்நோக்கிய கிணறு, இருவரும் இசைந்த விலை, அவ்விலை முழுதும் கைக்கொண்டமை ஆகியன தொடரும். இவ்வோலையன்றி விலைப்பொருள் செலுத்தியமைக்கு வேறோலை காட்டக் கடவதன்று என்னுங் கருத்தும் இறுதியில் இடம்பெறும். விற்கப்படும் பொருள் முழுமையும் ஓராவணத்துள் அடங்கவேண்டும் என்பதே இக்கட்டமைப்பின் உயிர்நிலை. மரத்தையும் கிணற்றையும் விடாது சொன்னதற்குக் காரணமும் அதுவே.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. நெடுநல்வாடையிற் கயிறிட்டுத் திசை கண்டு மனை வகுத்தோர் அதனை விற்போரல்லர், அரசன்பொருட்டு வகுத்தோரே. ஊர்ப்புறங்களில் அண்மைக்காலம் வரை நிலவிய வழக்கும் அஃதே: நிலமுடையான் கொத்தனையும் தச்சனையும் அமர்த்திக் கட்டுவித்துக்கொள்வான். கட்டுவோனே விற்போனுமாதல் நம்மிடைப் பிற்காலத்தே பெருகிய வழக்கு.

இருபதாம் நூற்றாண்டின் கடைக்கூற்றில் சென்னையில் அடுக்ககங்கள் பெருகின. அப்பொழுது ஒரு வீட்டிற்கு ஈராவணங்கள் தோன்றின. ஒன்று, நிலத்தில் பிரிபடாத பாகத்தை மட்டும் விற்கும் கிரயப் பத்திரம். பலவிடத்தும் நிலவுடைமையாளரின் அதிகார முகவராகக் கட்டுநரே அதிற் கையொப்பமிடுவார். மற்றொன்று, வீட்டைக் கட்டித்தருவதாகக் கூறும் கட்டுமான ஒப்பந்தம். முத்திரைத்தீர்வை நிலப்பாகத்தின் மதிப்பளவில் நிற்கக் கொள்வோர்க்குச் செலவு குறைந்தது. ஆகவே இம்முறையைக் கட்டுநர் சூழ்ச்சியென ஒருதலையாகக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் வீடு விற்பனையினின்று நழுவி, வெறும் வேலை உடன்பாடாயிற்று. அடித்தளம், கூரை என்று படிப்படியாகப் பணம் செலுத்தியவரிடம் கிரயமாக எஞ்சியது சில நூறு சதுர அடி மண்ணே.

2016க்கு முன்னர் இக்கட்டுரையாளர் கொண்ட வீட்டின் கிரயப் பத்திரத்திலும் சுவர் என்னுஞ் சொல்லே இல்லை. இரண்டாம் மழைக்காலத்தில் அச்சுவரில் நீர் கசிந்தபோது, திறவுகோல் கொடுத்த அன்றே ஒப்பந்தம் நிறைவேறிவிட்டது என்பது கட்டுநரின் விடை. விலையாவணங்களைப் பல்லாண்டு வகுப்பிற் கற்பித்தவன், தன் ஆவணத்தைக் கையொப்பமிட்ட பின்னரே ஊன்றிப் படித்தான்!

1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, கொள்வோன் இயல்பான கவனத்தால் கண்டறியவியலாத குறையை விற்போன் வெளியிடவேண்டும் என்கின்றது. விற்கப்பட்டது நிலப்பாகமே எனின், சுவரின் குறை இதனுள் அடங்குமோ என்னும் வினா எழுகின்றது. வீடு கட்டித்தருதலும் நுகர்வோர் சட்டத்தின்படி ஒரு சேவையே என உச்சநீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தமை கொள்வோர்க்கு முறையிட ஒருவழி காட்டிற்று. 2016ஆம் ஆண்டு மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம் மேலுஞ் சென்றது. உடன்படிக்கையைப் பதிவு செய்யாமல் விலையிற் பத்து விழுக்காட்டிற்கு மேல் வாங்கலாகாது. வீட்டை ஒப்படைத்த ஐந்தாண்டிற்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டுமானக் குறையை முப்பது நாளுள் கட்டணமின்றிச் சரிசெய்யவேண்டும் என்று அது விதித்தது.

தமிழ்நாட்டில் 2023 டிசம்பர் 1 முதல், புதிய அடுக்கக வீடுகள் நிலப்பாகமும் கட்டடமும் சேர்ந்த கூட்டுமதிப்பில் ஒரே கிரயமாகப் பதியும் முறை வந்தது. தீர்வை கூடிற்று என வருந்துவோர் பலர். ஆவண வரலாற்று நோக்கிற் காணின், மனையுள் வீடு மீண்டும் புகுந்தது எனலாம். நான்கெல்லைதான் இன்னும் பழையபடி நிற்கின்றது. என் பத்திரத்தில் நாற்றிசையும் தெருவும் அயலார் நிலமும் குறிக்கப்பெற்றுள. மேல்நோக்கினால் மரமுமில்லை, கீழ்நோக்கினால் கிணறுமில்லை, இருபுறமும் பிறர் குடியிருப்பே உளது. அதற்கோ ஒரு சொல்லும் எழுதப்படவில்லை.